ஆறு வீடுகளும் ஒரு கூரையும்

ஐம்பதாவது வயதை எட்டுவதற்கு ஒரு வருடம் இருக்கையில்தான் நான் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரனானேன். 2017 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் பழைய தொடர் வீடொன்றை வாங்கினேன். ஒரே வரிசையில் ஆறு வீடுகள். இரண்டு வீடுகளுக்கு இடையில் ஒரு சுவர்தான். ஓட்டுக் கூரையும் முதல் வீட்டிலிருந்து ஆறாவது வீடு வரை இடையறாமல் ஓடுகிறது. என்னுடையது நான்காவது வீடு. காணியின் அளவு 2.7 பேர்ச்சஸ். யாழ்ப்பாணத்துக் கணக்கில் கால் பரப்பை விடச் சற்றுக் கூட.

குடிபுகுந்த அன்று ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பா வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். "எங்கட கிணத்தடி இதைவிடப் பெரிசு" என்றார். அவர் கூறியதில் மிகையில்லை.

அந்தக் கிணற்றடி வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அங்கிருந்து இடம்பெயர்ந்தபோது தந்தையார் கையில் எடுத்துக்கொண்டது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் காணி உறுதிகள் இருந்தன. எங்கள் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அந்தப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே அவர் காலமானார். நான் 1996 இல் கொழும்புக்கு வந்து பத்திரிகையில் சேர்ந்தேன். அன்று தொடக்கம் 21 வருடங்களில் பதினொரு வாடகை வீடுகள். தந்தையாரிடம் உறுதி இருந்தது, வீடு இருக்கவில்லை. என்னிடம் வீடு இருந்தது, உறுதி இருக்கவில்லை.

போர்க்காலத்தில் கொழும்பில் தமிழன் ஒருவன் வாடகைக்கு இருப்பதென்றால் என்னவென்பது இன்றைய இளைய வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு வருட அல்லது இரண்டு வருட வாடகையை முற்பணமாகக் கேட்பார்கள். வீட்டிலுள்ளோரின் விபரங்களைப் பொலிஸில் பதிவு செய்து, முத்திரை குத்திய பிரதியைக் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து யாராவது வந்து இரண்டு இரவு தங்கினாலும் வீட்டுக்காரரின் முகம் மாறிவிடும். 2007 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பேரூந்துகளில் ஏற்றப்பட்டு, வவுனியா உட்பட வடக்குக் கிழக்குப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தச் செய்தியை எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது, அதிகாலை வரை உறங்காமலிருந்த மனைவி கேட்ட கேள்வி இதுதான்: "அடுத்த மாசம் இந்த வீட்டுக்காரரும் எழும்பச் சொன்னால் எங்கை போறது?"

ஆனாலும் சொந்த வீடு வாங்குவதை நாங்கள் தள்ளிப்போட்டே வந்தோம். பணம் மட்டும் அதற்குக் காரணமல்ல. எனது தாய்மாமன் ஒருவர் 1983 இல் வெள்ளவத்தையில் தனது வீட்டை இழந்தவர். 58, 77, 83 என்று விரல்களை மடக்கியபடி அவர் சொல்வார்: "கொழும்பிலை வாடகைக்கு இரு. எழும்பி ஓட வேண்டி வந்தால் சாவியைக் குடுத்திட்டு ஓடலாம். வாங்கினால் ஓடவும் ஏலாது, இருக்கவும் ஏலாது." எங்கள் தலைமுறையில் பலர் இந்த வார்த்தைகளைக் கேட்டே வளர்ந்தோம். பின்னாளில் வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தபோது நம்மவர்கள் அவற்றை நாடிச் சென்றதிலும் இந்தப் பயத்துக்குப் பங்கு உண்டு. வாசலில் காவலாளி, மேலே போக மின்தூக்கி, அடுத்த கதவிலும் தமிழர். நிலத்தில் கால் பதியாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

அந்தக் குடியிருப்புகளின் விலை எனக்கு எட்டவில்லை. 2017 இல் இரண்டு அறைகள் கொண்ட ஒன்றுக்குக் கேட்ட தொகை, நான் திரட்டக்கூடியதைப் போல் இரு மடங்கைத் தாண்டியிருந்தது. கொட்டாஞ்சேனை வீட்டுக்கு 85 இலட்சம் ரூபா கேட்டார்கள். மலிவுக்குக் காரணங்கள் வெளிப்படையாகவே தெரிந்தன. ஒழுங்கையின் அகலம் எட்டு அடி, வாகனம் நுழையாது. மாநகர சபையின் வீதிக் கோடு முன் அறையில் மூன்று அடியை வெட்டிக்கொண்டு போகிறது. எனவே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் இருக்கிற இடமும் குறையும். சுவர்கள் கபுக்கல், சாந்து சுண்ணாம்பு. அதற்கு மேல் யாரோ சீமெந்து பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றி, இடுப்பளவுக்கு உவர் பூத்துக் கிடந்தது. பின்புறத்தில், வாளி மலசலகூடக் காலத்தில் துப்புரவுத் தொழிலாளர் வந்து போவதற்காக விடப்பட்ட ஒடுங்கிய சந்து. ஆறு வீடுகளின் கழிவுநீரும் இன்று அதன் கீழால்தான் போகிறது.

முதலில் அணுகிய வங்கி, காணி சிறிது என்று கையை விரித்துவிட்டது. இரண்டாவது வங்கி 45 இலட்சம் ரூபா தந்தது. அறுபது வயதுக்குள் கட்டி முடிக்க வேண்டும், முதல் ஐந்து வருடங்களுக்கு 13.5 சதவீத நிலையான வட்டி என்பன நிபந்தனைகள். பத்து வருடங்களுக்கு மேல் அங்கத்தவராக இருந்தவர்கள் வீட்டுத் தேவைக்காக ஊழியர் சேமலாப நிதியில் 30 சதவீதத்தை முன்கூட்டியே பெறலாம் என்ற ஏற்பாடு அப்போது எனக்குக் கைகொடுத்தது. மீதியை மனைவியின் நகைகள் ஈடுசெய்தன. விலைக்கு மேலாக முத்திரைத் தீர்வையும் இருக்கிறது என்பதைப் புதிதாக வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். எனக்கு அது 3 இலட்சத்து 39 ஆயிரம் ரூபா. சட்டத்தரணியின் கட்டணம் வேறு.

காணிப் பதிவகத்தில் உறுதிகளின் வரலாற்றைச் சட்டத்தரணி தேடியபோது நானும் உடன் சென்றேன். அந்தப் பெரிய பதிவேடுகளில் ஒரு ஒழுங்கையின் நூற்றாண்டு சுருக்கெழுத்தில் கிடந்தது. 1920களில் கொழும்பு வர்த்தகர் ஒருவர் வாடகைக்கு விடுவதற்காகவே ஆறு வீடுகளையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறார். 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வாடகையைக் கட்டுப்படுத்தியது. அடுத்த ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. தங்கியிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையுடன் இரண்டைக் கூட்டினால் வருவதே ஒருவருக்கு அனுமதிக்கப்பட்ட வீடுகளின் தொகை. மேலதிக வீடுகளில் குடியிருந்தவர்கள் அவற்றை விலைக்கு வாங்க விண்ணப்பிக்கலாம் என்றும் அச்சட்டம் வழிசெய்தது. அவ்வாறுதான் ஒரே சொந்தக்காரரின் ஆறு வாடகை வீடுகள், ஆறு குடும்பங்களின் ஆறு சொந்த வீடுகளாயின. உறுதிகள் ஆறாகப் பிரிந்தன. சுவரையும் கூரையையும் பிரிப்பதற்கு எந்தச் சட்டமும் வழி சொல்லவில்லை. எல்லை எதுவென்று கேட்டேன். பொதுச்சுவரின் நடுக்கோடுதான் எல்லை என்று நிலஅளவையாளர் சுவரில் கையை வைத்துக் காட்டினார்.

நான்காவது வீட்டை அவ்வாறு வாங்கியவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓர் அரசாங்க எழுதுவினைஞர். அவரது பெயருக்குக் கீழ் அடுத்த பதிவு 1985 ஆம் ஆண்டுக்குரியது. அற்றோர்ணித் தத்துவம் பெற்ற ஒருவர் மூலமாக, ஐந்தாவது வீட்டுக்காரருக்கு அவர் விற்றிருந்தார். சட்டத்தரணி விலையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதே வருடத்தில் அதே வட்டாரத்தில் இத்தகைய வீடுகள் போன விலையில் அரைவாசிகூட இல்லை என்றார். "சட்டப்படி பிழை ஒன்றும் இல்லை. உறுதி சுத்தமானது."

யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஒருவர் 1985 இல் கொழும்பு வீட்டை அரை விலைக்கு ஏன் விற்றார் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆயினும் ஐந்தாம் வீட்டுக்காரரின் குடும்பத்திடம் நான் எதையும் கேட்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். கேட்டால் வியாபாரம் குழம்பிவிடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு கையொப்பமிட்டேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு விற்றவர் அந்த ஐந்தாம் வீட்டுக்காரரின் மகன். சிங்களக் கத்தோலிக்கர். இத்தாலிக்குப் போவதற்காக விற்றார். தந்தை காலமாகிவிட்டார். தாயார் மட்டும் ஐந்தாம் வீட்டிலேயே தங்கிவிட்டார். கொட்டாஞ்சேனைப் பழைய மனிதர்கள் பலரைப் போலவே நன்றாகத் தமிழ் பேசுவார். நாங்கள் அவரை அன்ரி என்றே அழைப்போம்.

குடிபுகுவதற்கு முன்னர் கூரையைப் பார்க்க மேசன் பாஸ் ஒருவரை அழைத்து வந்தேன். பழைய வீடு வாங்குபவர்கள் வர்ணம் பூசிய சுவரைப் பார்க்கிறார்கள், முதலில் கூரைக்குள் ஏற வேண்டும். அவர் பலகைக் கதவைத் தள்ளி மேலே ஏறினார். கைமரங்களில் இரண்டைக் கறையான் தின்றிருந்தது. பீலி ஓட்டைகள் இருந்தன. அவை எதிர்பார்த்தவையே. இறங்கி வந்தவர் வேறொன்றைச் சொன்னார்: "சேர், ரெண்டு பக்கத்துச் சுவரும் ஓடு வரைக்கும் போகல்ல. உள்பலகையோட நிக்குது. இங்க ஏறினா ஆறு வீட்டுக்கும் போகலாம்." எலி வரும், திருடன் வருவான், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வீட்டில் தீப்பிடித்தால் ஆறும் போய்விடும், சுவர்களை உயர்த்தி அடைக்க வேண்டும் என்றார். 90 ஆயிரம் ரூபா கணக்குச் சொன்னார். கற்களை வாங்கி முற்றத்தில் அடுக்கியும் விட்டேன்.

பொதுச்சுவரில் கை வைப்பதானால் அயலவரிடம் சொல்ல வேண்டும். ஒரு மாலை நேரம் அன்ரியிடம் சென்று விடயத்தைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அவங்க அதால தான் தம்பி வந்தாங்க" என்றார்.

1983 ஜூலை 25 ஆம் திகதி, திங்கட்கிழமை. கும்பல் ஒழுங்கைக்குள் நுழையும் சத்தம் கேட்டபோது எழுதுவினைஞரும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் முன்கதவைத் திறக்க வழியில்லை. கூரைக்குள் ஏறி, சுவருக்கு மேலால் தவழ்ந்து, ஐந்தாம் வீட்டின் பலகையைத் தட்டியிருக்கிறார்கள். அன்ரியின் கணவர் அதைத் திறந்து ஐவரையும் இறக்கியிருக்கிறார். கும்பல் நான்காம் வீட்டின் கதவை உடைத்தது. கட்டிலையும் மேசையையும் புத்தகங்களையும் ஒழுங்கையில் போட்டுக் கொளுத்தியது. வீட்டையும் கொளுத்தப் போத்தலுடன் வந்தபோது அன்ரியின் கணவர் வெளியே ஓடிவந்து சிங்களத்தில் கத்தியிருக்கிறார். இந்தக் கூரை எல்லோருக்கும் ஒன்று, இதைக் கொளுத்தினால் எங்களுடைய வீடுகளும் எரியும் என்று. மற்ற வீட்டுக்காரர்களும் வெளியே வந்து சத்தமிட்டார்கள். கும்பல் திரும்பிப் போனது. அதே வட்டாரத்தில் தனித்து நின்ற தமிழர் வீடுகள் எரிந்தன என்பதையும் அன்ரி மறைக்கவில்லை.

"தைரியம் என்டு நினைக்காதீங்க தம்பி. பயம். எங்கட வீடும் போயிடும் என்ட பயம்" என்றார் அவர்.

மூன்று நாட்கள் அந்த ஐவரும் அவருடைய வீட்டில் இருந்தார்கள். அதன் பின்னர் இரத்மலானை அகதி முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. இரண்டு வருடங்கள் கழித்துக் கடிதம் வந்தது, வீட்டை வாங்கிக்கொள்ள முடியுமா என்று. நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு அன்ரி தானாகவே பதில் சொன்னார்: "வேற யாரும் வாங்கல்ல. எங்கட கிட்ட இருந்த காசு அவ்வளவுதான். அது சரியில்லாத விலை என்டு அவர் சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டு இருந்தார்." உயிரைக் காப்பாற்றியவரும் அவரே, அரை விலைக்கு வாங்கியவரும் அவரே. இந்த இரண்டையும் எவ்வாறு ஒரே கணக்கில் எழுதுவது என்று நான் பல இரவுகள் யோசித்ததுண்டு. அந்த அரை விலை வீட்டில்தான் இன்று நான் படுத்துறங்குகிறேன் என்ற நினைவு வந்ததும் யோசனையை நிறுத்திக்கொள்வேன்.

அதன் பின்னரும் சுவர்களை அடைக்கும் எண்ணத்தை நான் கைவிடவில்லை. மேசன் பாஸ் கூறிய தீ அபாயம் உண்மையானது. மழை, பணமுடை, அவருடைய வேறு வேலைகள் என்று காலம் தள்ளிப்போனது. கற்கள் முற்றத்தில் பாசி பிடித்தன.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபோது எங்கள் ஓடுகள் அதிர்ந்தன. அன்ரி அன்று புனித லூசியா பேராலயத்துக்குச் சென்றிருந்ததால் தப்பினார். அவருக்குத் தெரிந்தவர்கள் பலர் தப்பவில்லை. மூன்றாவது வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கிறது. புறக்கோட்டையில் சிறு கடை வைத்திருக்கும் அவரை நாங்கள் நானா என்போம். அன்றிலிருந்து அவர்கள் வீட்டு ஜன்னல்கள் திறக்கப்படவில்லை. மே 13 ஆம் திகதி மினுவாங்கொடையிலும் வடமேல் மாகாணத்திலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு, நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அன்று இரவு பின்சந்து வழியாக வந்து நானா கதவைத் தட்டினார். உள்ளே வந்து அமரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, மேல அந்த வழி இன்னும் திறந்துதானே இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. முற்றத்தில் கிடந்த கற்களை அவரும் பார்த்தார். "திறந்துதான் இருக்கு நானா" என்றேன்.

மறுநாள் காலையில் அன்ரியிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். இறந்தவர்களுக்காக அவர் வீட்டில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமலேயே, "எங்கட பக்கத்துப் பலகைக்குக் கொண்டி போடல்ல என்டு அவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்.

எங்கள் ஒழுங்கையில் எதுவும் நடக்கவில்லை. யாரும் கூரைக்குள் ஏற வேண்டிய தேவை வரவில்லை. அந்தக் கற்களைக் கொண்டு அந்த வருடக் கடைசியில் தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு மேடை கட்டினோம். தீ அபாயத்துக்கு வேறு வழி தேடினோம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் வீடுகளின் பழைய மின்கம்பிகளை ஒரே நேரத்தில் மாற்றி, ட்ரிப் சுவிட்ச் பொருத்தினோம். செலவை மூன்றாகப் பங்கிட்டோம். நிபுணர்கள் இதனை முழுமையான தீர்வென்று ஏற்கமாட்டார்கள். எனக்கும் அது தெரியும். எந்த அபாயத்துடன் வாழ்வது என்பதை நாங்கள் தெரிந்தெடுத்துக்கொண்டோம்.

வாடகைக்காரனாக இருந்தபோது எனக்குத் தெரியாத கஷ்டங்களையும் இந்த வீடு தந்தது. 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. செய்தியைத் தலைப்பிட்டவன் நானே. என் கடனின் நிலையான வட்டிக்காலம் அந்த ஆகஸ்டில் முடிந்தது. புதிய வட்டி 24 சதவீதம் என்று கடிதம் வந்தபோதுதான் அந்தத் தலைப்பு எனக்கு முழுதாக விளங்கியது. ஒரு வருடம் வரை சம்பளத்தின் பெரும் பகுதி வங்கிக்கே போனது. 2023 இல் 55 வயது நிறைந்ததும் சேமலாப நிதியை எடுத்துக் கடனை அடைத்தேன். ஓய்வுகாலத்துக்கென்று இருந்த பணம் அது. இப்போது கையில் பணமில்லை. தலைக்கு மேல் ஆறிலொரு பங்கு கூரை இருக்கிறது.

வங்கியிலிருந்து மீண்டு வந்த உறுதியைத் தந்தையாரின் தகரப் பெட்டிக்குள் வைத்தேன். வைப்பதற்கு முன்னர் எல்லைகளை மீண்டும் ஒருமுறை வாசித்தேன். வடக்கே பொதுச்சுவர், தெற்கே பொதுச்சுவர் என்று இருக்கிறது. சுவருக்கு மேலே இருக்கும் இடைவெளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மாமா இன்றும் இருக்கிறார். தொலைபேசியில் பேசும்போது, "ஓட வேண்டி வந்தால் என்ன செய்வாய்?" என்று இன்றும் கேட்பார். அந்தக் கேள்வியைப் பிழையென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. 1983 இல் ஓடிய ஐவரும் தப்பினார்கள், வீட்டை இழந்தார்கள். ஒருவேளை நாங்களும் ஓட நேரலாம். நேரும் என்று எண்ணி இன்னும் பதினொரு வீடுகள் மாறுவதற்கு எனக்கு வயதில்லை.

ஒக்டோபர் மழைக்கு முன்னர் ஆறு வீடுகளும் சேர்ந்து பீலி துப்புரவு செய்வது வழக்கம். வருடத்துக்கு ஒரு வீடு முன்னின்று ஆளைப் பிடித்து, பணம் சேர்த்து, வேலையை முடிக்க வேண்டும். இந்த முறை நான்காம் வீட்டின் முறை. அன்ரி தன் பங்கை நேற்றே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். இனி மற்ற நான்கு வீடுகளின் கதவுகளையும் தட்ட வேண்டும்.